ஆறுகள் தீர்ந்துபோன ஸ்டேஷன்

அத்தியாயம் 4

"எனக்கு அந்தப் பொண்ணோட பேரு வேணும் சார். நிஜப் பேரு."

நாற்காலியில் உட்காரும் முன்பே வீணா சொன்னது இது. பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை ஆபீசுக்கு இப்படி நேராக விஷயத்துக்கு வருகிறவர்கள் குறைவு. வரப்போகிற மருமகன் குடிக்கிறானா என்று விசாரிக்க வருவார்கள். வந்துவிட்டு அரை மணி நேரம் பவர்கட்டைப் பற்றிப் பேசுவார்கள். அதனால் துப்பறியும் இராஜமாணிக்கத்துக்கு இந்தப் பெண்ணைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

அவள் மேஜைமேல் ஒரு பழைய மாலைப் பத்திரிகையை வைத்தாள். இராஜமாணிக்கம் அதை எடுத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். எதைப் படித்தாலும் வாய்விட்டுப் படிப்பது அவர் பழக்கம். காதில் விழுந்தால்தான் புத்தியில் ஏறும் என்பார்.

"ஆட்டோவில் இளம்பெண்ணிடம் அத்துமீறல், டிரைவர் கைது. லிங்கராஜபுரத்தைச் சேர்ந்த வீணா, வயது இருபத்து நான்கு, தனியார் அலுவலக ஊழியர்..."

"போதும் சார். கீழே பன் வாங்க வந்தவங்களுக்கும் கேட்டிருக்கும்" என்றாள் ஜன்னலோரம் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த யூனிஸ்.

யூனிஸ் அவருடைய உதவியாளர். லிங்கராஜபுரத்துக்காரி. ஆபீசில் கணக்கு, டைப்பிங், ஃபோன், கிண்டல் எல்லாம் அவள் பொறுப்பு. அவள் இரண்டு வார்த்தை வாரிவிடாத நாளில் இராஜமாணிக்கத்துக்கு டீ கூட ருசிக்காது.

"நான் லிங்கராஜபுரம். என் பேரு வீணா. எனக்கும் அதே வயசு" என்றாள் வந்தவள். "ஆனா அந்தப் பொண்ணு நான் இல்ல. நான் எந்த ஆட்டோலயும் ஏறல, எனக்கு ஒண்ணும் நடக்கல. யார்கிட்ட சொன்னாலும், 'பாவம், விடும்மா, மறந்துடு'ன்னு கையைப் பிடிச்சிக்கிறாங்க. இல்ல இல்லன்னு சொல்லச் சொல்ல ஆமாங்கிற மாதிரி ஆவுது சார்."

அவள் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். பெற்றோர்கள் கூடிக் கூடிப் பேச ஆரம்பித்ததும் தலைமை ஆசிரியை கேத்தரின் அவளைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டில் இரு என்று அன்பாகச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை பள்ளிக் கமிட்டி கூடி முடிவெடுக்கும். முடிவு என்னவென்று கேத்தரினின் அன்பிலேயே தெரிந்துவிட்டது.

"ஸ்டேஷனுக்குப் போனீங்களா?"

"போனேன். அந்தக் கேஸ் பத்தி நாங்க எதுவுமே சொல்லக்கூடாதுன்னு அனுப்பிட்டாங்க. அதான் சார், நிஜமான பொண்ணு பேரைக் கமிட்டியில காட்டிட்டா, நான் இல்லன்னு ஆயிடும்."

யூனிஸ் திரும்பினாள். "அப்போ அந்தப் பொண்ணு கதி?"

"அவளுக்கு நடந்ததுக்கு நானா பொறுப்பு? எனக்கு நடக்காததை நான் ஏன்க்கா சுமக்கணும்?"

யூனிஸ் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். இராஜமாணிக்கம் பேனாவை மூடினார். "ஒரு பேருதானேம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வந்துடறேன்" என்றார்.

இந்த வாக்கியத்தைப் பிற்பாடு நினைத்து நினைத்து அவர் கூசிப்போனார். ஆனால் அன்றைக்கு, கடைக்குப் போய் சீப்பு வாங்கி வருகிற மாதிரிதான் சொன்னார்.

வீணா போனதும், எடைக்குப் போட வைத்திருந்த பழைய பத்திரிகைகளைத் தரையில் பரப்பிக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன சார், நீங்களே கடலை மடிக்கப் போறீங்களா?" என்றாள் யூனிஸ்.

"பத்திரிகைக்காரனுக்கு இந்தச் செய்தி ஸ்டேஷன் அனுப்புற குறிப்புல இருந்து வருது. பொண்ணு பேரை அதுல போடக்கூடாது. அதனால ஸ்டேஷன்லயே யாரோ ஒரு பொய்ப் பேரை எழுதி அனுப்பறான். 'பெயர் மாற்றப்பட்டுள்ளது'ன்னு பிராக்கெட்ல போட வேண்டியதை இவன் சோம்பல்ல விட்டுட்டான். இதே ஸ்டேஷன் குறிப்பு மத்ததையெல்லாம் பார்ப்போம்." அவர் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். "சங்கிலி பறிப்பு, வேண்டாம். இது... காவேரி, வயது பத்தொன்பது. இது ஹேமாவதி. இங்க ஒரு நேத்ராவதி. இது யாரு, ஷராவதி. யூனிஸ், ஒண்ணு புரியுதா?"

"எல்லாருக்கும் பாட்டி வெச்ச பேரு."

"எல்லாம் கர்நாடகத்து ஆறு."

யூனிஸ் அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்தாள். பிறகு, "குடிக்கத்தான் தண்ணி வரல, பேருலயாவது வரட்டும்னு எழுதியிருப்பாரு" என்றாள்.

"ஆத்துப் பேரா வெக்கிற ஆசாமி திடீர்னு வீணான்னு ஏன் வெச்சான்? அந்தப் பேரு அவன் வெச்சது இல்ல. வேற யாரோ எடுத்துக் கொடுத்திருக்காங்க." இராஜமாணிக்கத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. "கிளம்பு. ஆட்டோ பிடி."

"பஸ்லயே போலாம் சார்."

"இந்த வெயில்லயா?"

"ஆட்டோ மீட்டருக்கும் எனக்கும் ஆகாது. நான் ஏறினாலே குதிக்குது."

அவர் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தார். போன மாதம் பெரியப்பா இறந்துவிட்டார் என்று கே.ஜி.எஃப். போய் வந்ததிலிருந்து அவள் பஸ்ஸில்தான் வருகிறாள், போகிறாள். சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஊர் முழுக்க யார் எங்கே போகிறார்கள் என்று பார்த்துச் சம்பாதிக்கிற மனுஷன்.

ஸ்டேஷன் எது என்று இங்கே எழுதவில்லை. அல்சூர் ஏரியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் என்பது போதும். வாசலிலேயே யூனிஸ் நின்றுவிட்டாள். ஸ்டேஷன் படி மிதித்தால் அம்மா வீட்டில் சேர்க்க மாட்டாள், நான் வெளியிலேயே நிற்கிறேன் என்றாள். அவர் தனியாக உள்ளே போனார்.

ஸ்டேஷனில் எழுத்து வேலையெல்லாம் ஏட்டு கோவிந்தப்பாவுடையது. புதிதாக வந்த கம்ப்யூட்டர் துணி போர்த்திக்கொண்டு மூலையில் கிடக்க, அவர் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தார். இராஜமாணிக்கம் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"பேடா சார், வேண்டாம். வேற எது வேணும்னாலும் கேளுங்க, இது பேடா. என் சர்வீஸ்ல ஒரு பொண்ணு பேரும் என் கையிலேர்ந்து வெளிய போனதில்ல."

"காவேரி, ஹேமாவதி, நேத்ராவதி" என்றார் இராஜமாணிக்கம்.

கோவிந்தப்பாவின் முகத்தில் மெல்ல ஒரு வெட்கம் வந்தது. "யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். ஆறு சுத்தம் சார். அந்தப் பொண்ணுங்க மேல நல்ல பேரு இருக்கட்டும்னு."

"அப்போ வீணா?"

"எனக்குத் தெரிஞ்ச ஆறெல்லாம் தீர்ந்துபோச்சு" என்றார் கோவிந்தப்பா.

இராஜமாணிக்கம் சிரிக்க வாயெடுத்தவர், சிரிக்க முடியாமல் மூடிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணையே கேட்டேன், ஏதாவது ஒரு பேரு சொல்லும்மான்னு. அது சொல்லிச்சு, எழுதிட்டேன். அவ்வளவுதான். நீங்க ஹொரடுங்க சார், கிளம்புங்க."

வெளியே யூனிஸ் பஸ் நிறுத்தத்துத் தூணில் சாய்ந்து நின்றாள். இராஜமாணிக்கம் நடந்ததைச் சொல்லிவிட்டு, ரோட்டோரமாகவே தன் மூளையைக் கடை விரித்தார்.

"பயந்துபோன பொண்ணு, பேரு கேட்டதும் தன் வீட்டு வாசல்லேர்ந்து எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம் ஓடுவா. இவ வீணான்னு சொன்னா. ஸ்டெல்லான்னு சொல்லல, மேரின்னு சொல்லல. ஏன்? அவ கிறிஸ்தவப் பொண்ணு. லிங்கராஜபுரத்துல சர்ச்சுக்குப் போற வீடுங்கதான் நிறைய. அவங்க யாரும் தன் பக்கம் திரும்பக்கூடாதுன்னு இந்துப் பேரா ஒண்ணு எடுத்து விட்டிருக்கா. எப்படி?"

"நல்லா கண்டுபிடிச்சீங்க சார்."

அவள் கிண்டல் கலக்காமல் பாராட்டியது இதுதான் முதல் தடவை. இராஜமாணிக்கம் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

"மீதியும் சுலபம். கவர்மெண்ட் கம்ப்யூட்டர் கொடுத்தான், ஜெராக்ஸ் மெஷின் கொடுக்கல. எஃப்.ஐ.ஆர். எல்லாம் எங்க காப்பி ஆகுது?" அவர் எதிர்ச் சாரியைக் காட்டினார். "அசோகன் கடையில. சரியா விழாத காப்பியை அவன் என்ன பண்றான்? கிழிக்கவா போறான்?"

"சார், வேண்டாம். திரும்பிப் போயிடலாம்."

"ஏன்?"

"பசிக்குது."

"அங்கயே கடலை இருக்கும் வா" என்று ரோட்டைக் கடந்துவிட்டார்.

இருந்தது. அசோகனின் கடையில் மெஷினுக்குப் பக்கத்தில் வீணான காப்பிகள் முட்டி உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கோணலாக விழுந்தவை, பாதி கறுத்தவை, மை பிசிறியவை. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் கூட்டல் போட ஆகும், கண்ணாடி துடைக்க ஆகும், மிச்சத்தை முனைக் கடலை வண்டிக்காரி வாங்கிப் போவாள். இராஜமாணிக்கத்துக்கு இது நெடுநாளாகத் தெரியும். எத்தனையோ கேஸில் இந்த அடுக்கு அவருக்கு உதவியிருக்கிறது. ஒருநாளும் கூசியதில்லை.

"இன்னா சார், ரொம்ப நாளா ஆளக் காணோம். பாத்துக்குங்க, பாத்துக்குங்க" என்றான் அசோகன். கடையில் காப்பி எடுக்க வந்த இரண்டு காலேஜ் பையன்கள் காத்திருந்தார்கள்.

"நீங்க உட்காருங்க சார், நான் தேடறேன்" என்று யூனிஸ் குந்தி உட்கார்ந்து அடுக்கைப் புரட்டினாள். வழக்கத்தைவிட வேகமாகப் புரட்டினாள். அடி வரைக்கும் போய்விட்டு, "இல்ல சார். வித்துப் போயிருக்கும். வாங்க" என்று எழுந்தாள்.

இராஜமாணிக்கம் எழுந்திருக்கவில்லை. அசோகன் மேஜையில் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். தொலி விழுவதற்கு அடியில் ஒரு தாள் விரித்திருந்தான். அதன் ஓரத்தில் ஸ்டேஷன் முத்திரை தெரிந்தது. இராஜமாணிக்கம் தொலியைக் கூடையில் கொட்டிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். தேதி சரி. ஆட்டோ நம்பர் சரி. கோவிந்தப்பாவின் அழகான கன்னடக் கையெழுத்து. அதை அப்படியே தமிழாக்கி, ஜெயித்த குரலில் உரக்கப் படித்தார்.

"புகார் கொடுத்தவர் பெயர், யூனிஸ் சுகந்தி. தகப்பன் பெயர் தேவதாஸ். லிங்கராஜபுரம், வேலை, தனியார் துப்பறியும்..."

தன் குரல் தன் காதில் விழுந்த பிறகுதான் அது அவர் புத்தியில் ஏறியது.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், அவரை அல்ல. அசோகன் யூனிஸைப் பார்த்து, "இவங்களா?" என்று கேட்டான். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. யாராவது ஒருவர் கேட்டுத்தானே ஆகவேண்டும் என்பதுபோல் கேட்டான்.

யூனிஸ் இராஜமாணிக்கத்தின் கையிலிருந்து தாளை வாங்கினாள். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். வைத்துவிட்டுக் கடையை விட்டு இறங்கி நடந்தாள்.

அவர் பின்னாலேயே போனார். பக்கத்தில் நடக்கத் தைரியம் வரவில்லை. பஸ் நிறுத்தத்து பெஞ்சில் அவள் உட்கார்ந்த பிறகு, அந்தக் கோடியில் உட்கார்ந்தார். கடைசியில், இருப்பதிலேயே உதவாத கேள்வியைக் கேட்டார்.

"அப்போ கே.ஜி.எஃப். பெரியப்பா?"

"நல்லா இருக்காரு. சும்மா இருந்த மனுஷனைச் சாகடிச்சதுக்கு அவர்கிட்டயும் மன்னிப்பு கேக்கணும்." அவள் ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள். "ஏட்டு பேரு கேட்டப்ப எதிர்ச் சுவத்துல சரஸ்வதி காலண்டர் தொங்கிச்சு. கையில வீணை. வாயில வந்துடுச்சு. எங்க சபை ஆளுங்க எங்க வீட்டுப் பக்கம் தேட மாட்டாங்கன்னு மட்டும்தான் சார் நெனச்சேன். வேற ஒரு வீட்டுல தேடுவாங்கன்னு தோணவே இல்ல. இன்னிக்குக் காலையில அந்தப் பொண்ணு வந்து உட்கார்ந்தப்ப, எனக்கு ஆட்டோல இருந்ததைவிடக் கேவலமா இருந்துச்சு."

"யூனிஸ், நான் கடையில அப்படிச் சத்தமா..."

"விடுங்க சார். பழக்கம்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. அவளோடு ஒரே அறையில் தினம் உட்கார்ந்து ஒன்றையும் பார்க்காதவர், ஒரு பெயரைத் தேடி ஒரு பகல் முழுக்க அவளையே கூட அழைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். அதைவிட, வீணாவுக்கு அந்தப் பெயர் தேவையே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. யார் என்று கேட்டுக்கொண்டு ஓடினாரே தவிர, யார் இல்லை என்று கேட்கவே இல்லை.

யூனிஸ் பஸ் ஏறியதும் அசோகன் கடைக்குத் திரும்பிப் போனார். இனி ஒரு தாளும் விற்கக்கூடாது என்று சொல்லி அந்த அடுக்கு முழுவதையும் கயிறு போட்டுக் கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். கோவிந்தப்பாவின் மேஜைமேல் அதை வைத்தார்.

"ஒரு பொண்ணு பேரும் உங்க கையிலேர்ந்து வெளிய போகலன்னீங்க."

மேல் தாளில் தன் கையெழுத்தைக் கோவிந்தப்பா பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். காவேரியும் ஹேமாவதியும் தத்தம் சொந்தப் பெயரோடு, தகப்பன் பெயரோடு, வீட்டு விலாசத்தோடு அதில் இருந்தார்கள்.

"ஸ்டேஷன்ல மெஷின் இல்ல சார்" என்றார் தாழ்ந்த குரலில்.

"நானும் யோக்கியன் இல்ல ஏட்டு. இதுல எடுத்துத் தின்னவன்தான். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பாதிக்கப்பட்ட பொண்ணைப் பத்தித்தானே நீங்க வாய் திறக்கக்கூடாது? நர்சரி டீச்சர் வீணா பாதிக்கப்பட்டவ இல்லையே. அவளைப் பத்தி, 'இவ இல்ல, பேப்பர்ல வந்தது நாங்க வெச்ச பேரு'ன்னு சொல்றதுக்கு எந்தச் சட்டம் தடுக்குது?"

கோவிந்தப்பா யோசித்தார். பிறகு ஃபோனைத் தன் பக்கம் இழுத்தார். "அந்த ஸ்கூல் நம்பர் சொல்லுங்க."

மறுநாள் காலை யூனிஸ் வர மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே இராஜமாணிக்கம் கதவைத் திறந்தார். அவள் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள்.

வீணா முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க சார். கேத்தரின் மிஸ்ஸே நேத்து ராத்திரி வீட்டுக்கு வந்து சொன்னாங்க, கமிட்டியே இனி வேண்டாமாம்." உட்கார்ந்துகொண்டு குரலைத் தாழ்த்தினாள். "எல்லாரும், அப்போ அது யாருன்னு கேக்கறாங்க. ஏட்டு சொல்லலியாம். உங்களுக்குத் தெரியும்தானே சார்?"

"தெரியாதும்மா. கண்டுபிடிக்க முடியல."

பொய் சொல்வது தொழிலில் பாதி என்றாலும் அன்றைக்கு அவருக்கு அது சரியாக வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"யாரோ. என் பேரை எடுத்து முன்னால விட்டுட்டு அவ பின்னால ஒளிஞ்சிக்கிட்டா. என் எதிர்ல வந்தா கன்னத்துல ரெண்டு விடணும்" என்றாள் வீணா.

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. யூனிஸ் எழுந்தாள். வேண்டாம் என்று இராஜமாணிக்கம் தலையை ஆட்டினார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"நான்தாங்க அது" என்றாள். "அப்படி ஒருத்தி நிஜமா இருப்பான்னு நெனைக்காம சொல்லிட்டேன். உங்க பேரை எடுத்தது நான்தான். மன்னிச்சிடுங்க."

வீணா வெறித்துப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. கோபம் வந்த மாதிரி இருந்தது, அதுவும் நிற்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அடித்துவிடுவாளோ என்று இராஜமாணிக்கம் பாதி எழுந்தார்.

அவள் யூனிஸைத் தாண்டிப் போய் ஜன்னலைச் சாத்தினாள். படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. கதவில் கை வைத்தபடி திரும்பினாள்.

"மெதுவாப் பேசுக்கா" என்றாள். கமிட்டி முழுக்கக் கேட்கும்படி இந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நேற்று வந்தவள். அவள் கண் தரையைப் பார்த்தது. பிறகு இராஜமாணிக்கத்தைப் பார்த்தாள். "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

அது அவருடைய ஆபீஸ். அவர் எழுந்து வெளியே போனார். பின்னால் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. படியில் நின்றால் உள்ளே பேசுவது கேட்கும் என்று அவருக்குத் தெரியும். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவுக்கு இறங்கிவிட்டார்.